ஆறுமணிக் குருவி



செஞ்சிக்கு அண்மையில் மேல்மலையனூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்காளபரமேசுவரி அம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அமாவாசைதோறும் இரவில் அங்கே ஊஞ்சல் உற்சவம் நடைபெறும். அன்றிரவு ஊருக்குள் கால் வைக்க இடம் இராது. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் கோயில் வெளியிலும் தெருத் திண்ணைகளிலும் படுத்து உறங்கிவிட்டு, விடிந்தபின் புறப்பட்டுப் போவார்கள். என் தாயைப் பெற்ற பாட்டியின் வீடு அவ்வூரில் இருந்தது. பாட்டி என்றா சொன்னேன்? எங்கள் வட்டாரத்தில் ஆயா என்றுதான் சொல்வோம். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காலையில், ஆயா வீட்டு முற்றத்தில் ஒரு பறவை விழுந்து கிடந்தது.

அப்படி ஒரு பறவையை அதற்கு முன் நான் கண்டதில்லை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. உருண்டு திரண்ட உடல். வால் என்று சொல்லத் தயங்கும் அளவுக்குக் குட்டையான வால். முதுகு பச்சை. தோளில் பளிச்சென்று நீலம். தொண்டை வெள்ளை. நெஞ்சும் வயிறும் காய்ந்த வைக்கோலின் நிறம்; அடிவயிற்றில் மட்டும் குங்குமத்தைக் குழைத்துப் பூசினாற் போன்ற சிவப்பு. அலகின் அடியிலிருந்து கண்ணின் குறுக்கே பிடரி வரையில் அகன்ற கரிய பட்டை ஒன்று ஓடியது. கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததே அன்றி, என்னைக் கண்டு எழுந்து பறக்கவில்லை. சுற்றுச் சுவரின்மேல் இரண்டு காக்கைகள் காத்திருந்தன.

காக்கைகளிடமிருந்து அதை மீட்டவன் நான் என்று அன்று எனக்குப் பெருமை. கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தேன். கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தேன். ஒரு பிடி நெல்லும் கொஞ்சம் நொய்யும் இறைத்தேன். பின்பு தெருப் பிள்ளைகள் அனைவரையும் அழைத்துவந்து காட்டினேன். ஒவ்வொருவனும் கூடையின் இடுக்கில் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆயா மட்டும், "அம்மன் ஊருக்கு வந்த விருந்தாளிடா அது. வேடிக்கை பார்த்தது போதும், எங்கேயாவது இருட்டான மூலையில் விட்டுவிடு" என்று இரண்டு முறை சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் நண்பகலில் கூடையைத் தூக்கியபோது பறவை ஒருக்களித்துக் கிடந்தது. நெல்லில் ஒரு மணிகூடக் குறைந்திருக்கவில்லை. ஆயா ஒன்றும் பேசாமல் அதை ஒரு வாழையிலையில் எடுத்துக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

அதன் பெயரை ஊரில் யாரும் அறிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கல்லூரி நூலகத்தில், சாலிம் அலி அவர்கள் எழுதி 1941 ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைக் கண்டதும் "இதுதான், இதுதான்!" என்று உரக்கக் கூவிவிட்டேன். நூலகர் என்னை வெளியே போகச் சொன்னார். போகும்போது பெயரை மட்டும் மனத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

தமிழில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் அதனை அழைப்பர். தோட்டத்தில் எதையும் அது திருடுவதில்லை. ஆள் அரவம் கேட்டால் புதரடியில் பதுங்கிவிடுவதால்தான் இந்தப் பழி வந்தது போலும். இந்தி மொழியில் நவரங்க், அதாவது ஒன்பது நிறத்தது என்பர். இலங்கையில் சிங்களவர் அதன் குரலைக் கேட்டு அவிச்சியா என்று பெயரிட்டிருக்கின்றனர். மயில் தன் ஆடையைத் திருடிக்கொண்டது என்று அது முறையிடுவதாக ஒரு கதையும் அங்கே வழங்குகிறது. 1766 ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, காக்கையினத்தோடு சேர்த்து, குட்டைவால் காக்கை என்று பொருள்படும்படி பெயரிட்டுவிட்டார். ஆடையைப் பறிகொடுத்த கதையைவிட இது பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பின்னர் வந்தவர்கள் திருத்தி, பிட்டா என்னும் தனிப் பேரினத்தில் வைத்தார்கள். இந்தப் பிட்டா என்பது எம்மொழிச் சொல் என்று நினைக்கிறீர்கள்? இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. நம் அண்டை வீட்டுத் தெலுங்கு. தெலுங்கில் பிட்ட என்றால் சிறு பறவை. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு குடும்பம் முழுவதும் இன்று அந்தத் தெலுங்குப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பறவை ஆயா வீட்டு முற்றத்தில் ஏன் விழுந்தது என்பதையும் நூல்களில் தேடி அறிந்தேன். ஆறுமணிக் குருவி நம் பகுதியில் கூடு கட்டுவதில்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும், நடு இந்தியாவின் காடுகளிலும், மேற்குத் தொடர் மலையின் சில பகுதிகளிலும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. புல்லும் சருகும் கொண்டு, பக்கவாட்டில் வாயில் வைத்து, பந்து போல் உருண்டையான கூட்டைத் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ அமைக்கும். மழை ஓய்ந்ததும் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழகத்தையும் இலங்கையையும் வந்தடைகிறது. இமய அடிவாரத்திலிருந்து செஞ்சிக்கு ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவு. பறவையின் எடையோ 50 கிராமுக்குச் சற்று முன்பின். ஒரு கோழி முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான். நெடுந்தூரம் பறப்பதற்கு என்று அமைந்த உடலும் அன்று அது. தரையில் தத்தித் தத்தி நடப்பதற்கு ஏற்ற தடித்த கால்களும் குட்டைச் சிறகுகளும் உடையது. இரவில் பறந்து, விடியும் தறுவாயில் எங்கேனும் இறங்கும். இறங்கும் இடத்தில் மரநிழல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டுக் கொல்லை, மாடிப்படி, மருத்துவமனைத் தாழ்வாரம், எதுவாயினும் சரி.

மருத்துவமனை என்று சும்மா சொல்லவில்லை. சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பவர், இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் வெளிவந்த தம் பெருநூலில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட ஆறுமணிக் குருவி, சென்னைப் பொது மருத்துவமனைக்குள் வந்து அடைக்கலம் புகுந்ததாம். பிறகு நெல்லூரிலும் அவ்வாறே வீடுகளுக்குள் வந்து ஒதுங்கிய பறவைகள் பல அவருக்குக் கிடைத்தன. கோடைத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் வன்காற்று அவற்றைக் கிழக்குத் தொடர் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து தள்ளியது என்று அவர் கருதினார். அதன் வலசைப் பயணத்தை அறிந்த நாம் காற்றோடு களைப்பையும் சேர்த்து எண்ணவேண்டும். கோடையில் அது வடக்கே திரும்புகிறது; ஐப்பசியில் தெற்கே வருகிறது. இரு பயணங்களிலும் விழுகிறது.

நான் செய்த பிழை எதுவென்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆறுமணிக் குருவி தானியம் உண்ணும் பறவை அன்று. சருகுகளைப் புரட்டி, அடியில் உள்ள பூச்சிகளையும் மண்புழுக்களையும் பொறுக்கித் தின்பது. அதன் முன் நெல்லை இறைத்தவன், பசித்து வந்த விருந்தாளியின் இலையில் கூழாங்கல்லைப் பரிமாறியவனுக்கு ஒப்பு. அதைவிடக் கொடுமை, இருபது பிள்ளைகளின் விரல்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று விழுந்தால், காற்றுத் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டியில் பழந்துணியை விரித்து அதனுள் வையுங்கள். மூடி, ஓசையில்லாத இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். அலகைப் பிளந்து நீர் ஊற்ற வேண்டாம். சில மணி நேரத்தில் உள்ளே அது துள்ளும் ஒலி கேட்கும். அப்பொழுது காக்கைகள் இல்லாத வேளையாகப் பார்த்து, மரமும் சருகும் உள்ள நிழலில் பெட்டியைத் திறந்து வைத்தால் போதும். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். அழகாயிருக்கிறதே, வளர்ப்போம் என்று எண்ணாதீர்கள். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூண்டில் அடைத்தால் மண்புழுவுக்கு எங்கே போவீர்கள்? ஆயா எந்த நூலையும் படிக்காமல் இருட்டான மூலை என்று சொன்னாளே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை தாழ்கிறது.

இறந்த பறவை ஒன்றைக் கண்டேன். உயிருள்ளதை அதன் இடத்தில் ஒரு முறையேனும் காணவேண்டும் என்னும் ஆசை அன்று முதல் என்னை விடவில்லை. அலுவல் காரணமாக ஊர் ஊராகத் திரிந்தேன். அவ்வப்போது யாருடைய தோட்டத்திலேனும் குரல் கேட்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் வெறும் புதர்தான் இருக்கும். ஓடிப் போனதுதான் தவறு என்று அறிய எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்றபின், ஒரு கார்த்திகை மாதத்தில், செஞ்சியில் உறவினர் வீட்டில் தங்கி அதற்கென்றே நாட்களைச் செலவிட்டேன்.

செஞ்சிக்கோட்டையை உங்களில் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 2025 ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியர் படையரண்கள் என்னும் தொகுதியில் ஒன்றாக அதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதிலைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் நிறையச் சொல்வார்கள். அந்த மலைகளின் இடுக்குகளில் வாழும் புதர்க்காட்டைப் பற்றி எவரும் சொல்வதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாற் போன்ற பாறைகள். அவற்றின் நடுவே களா, காரை, காசா, உசில், சதுரக்கள்ளி. மேலே நின்று பார்த்தால் வறண்ட காடு. உள்ளே குனிந்து பார்த்தால் நிழலும் ஈரமும் சருகும். நெடுந்தொலைவிலிருந்து பறவை நோக்கர்கள் இங்கு வருவது மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடி. தென்னிந்தியப் பாறை மலைகளில் மட்டும் வாழும் அரிய பறவை அது. அதன் கதையை வேறொரு நாள் சொல்லலாம்.

கோட்டை வாயில் திறக்கும் நேரத்துக்கு வெகு முன்பே ஆறுமணிக் குருவி தன் வேலையை முடித்துவிடும். ஆதலால் வெளியே, மலையடிவாரத்தில், ஓர் உழவருக்குச் சொந்தமான பழைய மாந்தோப்பை நான் தேர்ந்துகொண்டேன். தோப்பின் ஒரு விளிம்பு பாறைப் புதரில் போய் முட்டியது. முதல் நாள் விடியற்காலை குரல் கேட்டது, எழுந்து நாலு அடி நடந்தேன், நின்றுவிட்டது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் தூறல். நான்காம் நாள் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு மாமரத்தின் வேரில் முதுகைச் சாய்த்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கொசுக்கடியை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். முகலாயர் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு கிடந்தது என்பதை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு வாய்த்த முற்றுகை ஆறு நாட்கள்தாம்.

ஆறாம் நாள். இருள் இன்னும் பிரியவில்லை. புதரின் பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை எழுந்தது. முதல் ஒலி ஏறும். இரண்டாவது சற்று இறங்கும். நடுவே ஒரு மூச்சு இடைவெளி. குயிலைப் போல் இசை வளர்க்கும் பறவை அன்று அது. குஞ்சுப் பருவத்தில் தன் இனத்தாரிடம் கேட்டுப் பயின்று பாடும் பறவைகள் உண்டு. பிட்டாக்கள் பிறவியிலேயே தம் குரலைக் கொண்டு வருகின்றன என்று அறிவியலார் கருதுகின்றனர். அந்த இரண்டு ஒலிகள்தாம் அதன் முழுச் சொத்து. சிறிது நேரத்தில் தோப்பின் மறுகோடியிலிருந்து இன்னொன்று விடையளித்தது. பிறகு இரண்டும் ஓய்ந்தன. ஒளி வந்தது. அணில்கள் இறங்கின. நான் இன்றும் ஏமாந்தேன் என்று எண்ணினேன்.

அப்போது சருகு சரசரத்தது. ஓணானோ பாம்போ என்று கண்ணை மட்டும் திருப்பினேன். பதினைந்து அடி தொலைவில், ஒரு பாறையின் நிழலில், அது நின்றிருந்தது. ஓர் இலையை அலகால் பற்றிப் பக்கவாட்டில் எறிந்தது. மற்றோர் இலை. தலையைச் சாய்த்துப் பார்த்தது. குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தது. இரண்டு தத்தல் தத்தி, மண்ணிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. இழுக்க இழுக்க அது நீண்டது. கடைசியில் பறவை சற்றுப் பின்னே சாய்ந்து நிமிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு நிறங்களைப் பூசிக்கொண்டு ஒரு பறவை எப்படி ஒளிய முடியும் என்று நான் முன்பெல்லாம் வியந்ததுண்டு. அன்று விடை கிடைத்தது. அதன் முதுகுப் பச்சை நிழலில் கருமையாகிவிடுகிறது. வைக்கோல் நிறம் சருகோடு கலந்துவிடுகிறது. அடிவயிற்றுச் சிவப்பு தரையைப் பார்த்திருக்கிறது. அசையாது நின்றால் அங்கே பறவையே இல்லை.

ஒரு வெயிற்கீற்று இலைகளைத் துளைத்து வந்து அதன் தோளில் விழுந்தது. அந்த நீலம், நான் பன்னிரண்டு வயதில் கண்ட நீலம். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. தொலைவில் ஒரு பேருந்து ஊதுகுழலை ஒலித்தது. பறவை பறக்கவில்லை, பாறைக்குப் பின்னால் தத்திச் சென்று மறைந்தது.

இங்கே என் பேச்சு முடிந்திருக்கலாம். ஆனால் அன்று காலையே தோப்புக்காரர் துடைப்பமும் தீப்பெட்டியுமாக வந்தார். சருகைக் கூட்டிக் கொளுத்துவது அவர் வழக்கம். நான் பதறிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க ஐயா. ஆனா சருகு கிடந்தா பாம்பு கிடக்கறது தெரியாது. மாங்காய் பறிக்கிற பிள்ளைங்க இங்கேதான் நடக்குதுங்க" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. என்னிடம் அதற்கு விடையும் இல்லை. பறவைக்காகப் பிள்ளைகளைப் பாம்பின் வாயில் விடுங்கள் என்று யார் சொல்லமுடியும்?

இருவரும் தோப்பைச் சுற்றி நடந்தோம். சருகை எரிப்பதால் மண்ணின் ஈரமும், மண்புழுவும், மரத்துக்கு ஆகவேண்டிய உரமும் சேர்ந்து போகின்றன என்பதை நான் சொன்னேன். புழு இல்லாத மண்ணில் மா எப்படிக் காய்க்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். ஆட்கள் நடக்கும் பகுதியைக் கூட்டிச் சருகை எரிக்காமல் மர மூட்டில் குவிப்பது. பாறைப் புதரை ஒட்டிய கடைசி இரண்டு வரிசை மரங்களின் அடியில் கூட்டாமலே விட்டுவிடுவது. "அங்கே யாரும் போறதில்லை. உங்க ஆறு மணி இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நெருப்பு வைக்காமல் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். சித்திரை மாதத்தில் ஒருமுறை போனபோது சருகு அப்படியே இருந்தது, குரல் இல்லை. அவை வடக்கே போய்விட்டிருந்தன.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள், பொழுது புலரும் முன்னே, என் கைப்பேசி ஒலித்தது. தோப்புக்காரர். "ஐயா" என்று ஒரு சொல் சொன்னார், பிறகு பேசவில்லை. கருவியை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்கிறார் போலும். முதலில் காற்றின் இரைச்சல் கேட்டது. பின்பு ஒரு நாய் குரைத்தது. அதன்பின் அந்த இரட்டைச் சீழ்க்கை, மெல்லியதாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணியாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.